கைப்பிடிக்கு ஒரு மோட்டார்

பழைய விடியோ விளையாட்டுகளை அழியாமல் காப்பாற்றியது கம்ப்யூட்டர். ஆனால் ஆடுகிற கைக்கு அந்தப் பழைய உணர்வைத் திருப்பித் தர ஒரு குட்டி மோட்டாரும், தையல் இயந்திரத்தின் தந்திரம் ஒன்றும் தேவைப்படுகின்றன.

பேக்மேன் குறுக்கே ஓடியதே இல்லை. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட அந்த விளையாட்டில், பேய்கள் துரத்த ஓடும் மஞ்சள் உருண்டைக்கு நான்கே திசைகள்: மேல், கீழ், இடம், வலம். 1981இல் நின்டென்டோ கொண்டுவந்த டாங்கி காங்கிலும் அப்படித்தான். ஆனால் 1991இல் காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது கணக்கு மாறியது. அதில் சண்டைக்காரர்களின் முக்கியமான அடிகள் பலவற்றுக்குக் கைப்பிடியைக் குறுக்குத் திசையிலும் சாய்த்தாக வேண்டும். நான்கு எட்டாயிற்று.

காசு போட்டு ஆடும் பார்லர்களில் இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. அந்தந்த விளையாட்டின் இயந்திரத்தில் அதற்கேற்ற கைப்பிடி இருந்தது. சிக்கல் தொடங்கியது வீட்டில். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997இல் வெளியிட்ட 'மேம்' என்ற மென்பொருள், அந்தப் பழைய இயந்திரங்களின் உள்ளுறுப்புகள் வேலை செய்த விதத்தைச் சாதாரண கம்ப்யூட்டருக்குள் மறுபடி நடித்துக் காட்டியது. உலகெங்கும் ஆர்வலர்கள் பிளைவுட் பெட்டி செய்து, கம்ப்யூட்டரையும் திரையையும் பொருத்தி, வீட்டிலேயே பார்லர் அமைக்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள். கைப்பிடி மட்டும் ஒன்றே ஒன்று.

அந்தக் கைப்பிடியின் அடியில் நான்கு சிறிய சுவிட்சுகள் இருக்கின்றன, திசைக்கு ஒன்றாக. குறுக்கே சாய்த்தால் அடுத்தடுத்த இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அமுங்கும். எட்டுத் திசை விளையாட்டுக்கு இது தேவை. நான்கு திசை விளையாட்டுக்கு இதுவே தொல்லை. கை கொஞ்சம் பிசகினாலும் 'மேலே போ', 'வலப்பக்கம் போ' என்ற இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் பாய்கின்றன. பேக்மேன் முனையில் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயிடம் சிக்குகிறது. ஆடுகிறவர் தன் கைத்திறன் போய்விட்டதென்று நொந்துகொள்கிறார். குற்றவாளி அவர் கை அல்ல.

மேம் மென்பொருளே இதில் தலையிட முடியும். இரண்டு கட்டளைகள் சேர்ந்து வந்தால் ஒன்றை ஒதுக்கிவிடும். ஆனால் எதை ஒதுக்குவது என்பது ஊகம்தான். மேலும், கைப்பிடி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கைக்கு உணர்த்த மென்பொருளால் முடியாது. அதைச் செய்வது தண்டின் அடிமுனையைச் சுற்றியுள்ள தடைத் தட்டு, அதாவது நடுவே சதுர ஓட்டை கொண்ட ஒரு தகடு. சதுரம் நேராக இருந்தால் அதன் நான்கு மூலைகளும் குறுக்குத் திசையில் அமைகின்றன. கைப்பிடி எட்டுப் பக்கமும் போகும். தட்டை 45 டிகிரி திருப்பினால் மூலைகள் மேல், கீழ், இடம், வலமாக வந்துவிடும். குறுக்குத் திசையில் சுவர் நெருங்கி நின்று, இரண்டாவது சுவிட்சை எட்டுமுன் தண்டைத் தடுத்துவிடும்.

ஆக, தேவை 45 டிகிரித் திருப்பம் மட்டுமே. ஆனால் தட்டு இருப்பதோ பெட்டியின் அடியில். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பலகையைத் திறந்து மூட யாருக்குப் பொறுமை இருக்கும்? பிரிட்டனின் அல்டிமார்க் நிறுவனம் செர்வோ மோட்டார் கொண்டு தட்டைத் திருப்பும் 'செர்வோஸ்டிக்' என்ற கைப்பிடியைச் செய்தது. கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை வீட்டிலேயே செய்துபார்க்கத் தோன்றியதில் வியப்பில்லை.

பொம்மை விமானங்களில் பயன்படும் 9 கிராம் செர்வோ மோட்டாரே இதற்குப் போதும். ஒரு குட்டி மோட்டார், பற்சக்கரங்கள், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கும் ஓர் உறுப்பு, இவ்வளவும் அதற்குள் அடக்கம். நொடிக்கு 50 முறை வரும் மின் துடிப்பின் நீளமே அதற்குக் கட்டளை. துடிப்பின் நீளம் மாறினால் தண்டின் கோணமும் மாறும்.

சிக்கல் இணைப்பில் இருக்கிறது. மோட்டாரை நேராகத் தட்டோடு பிணைத்துவிட்டால், ஆட்ட வேகத்தில் கைப்பிடி சுவரின் ஓரத்தில் மோதும் ஒவ்வொரு அடியும் தட்டைத் திருப்பப் பார்க்கும். அந்த அடி போய் விழுவது மோட்டாரின் பிளாஸ்டிக் பற்களில். தேவைப்படும்போது தட்டைத் திருப்ப வேண்டும். மற்ற நேரத்தில் தட்டு வாங்கும் அடி மோட்டாருக்குப் போகக் கூடாது. இதுதான் நல்ல இணைப்புக்கு இலக்கணம்.

விடையைத் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. மிதி தையல் இயந்திரத்தைப் பார்த்தால் போதும். மிதிபலகை மேல் முனையிலோ கீழ் முனையிலோ நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது. கையால் தள்ளித்தான் விட வேண்டும். கிராங்க்கும் இணைப்புத் தண்டும் ஒரே கோட்டில் வந்துவிடுவதே காரணம். தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரத்துக்கு அடுத்த நகரி வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது. அங்கே தறி ஓட்டுகிறவர்களுக்கும் இது பழகிய விஷயம்தான். ஊடிழையை நெருக்கி அடிக்கும் அந்தக் கணத்தில் தறியின் கிராங்க் அதன் முன் முனையில்தான் இருக்கும்.

தையல்காரருக்கு எரிச்சலூட்டும் அந்த முனை இங்கே வரமாகிறது. தட்டிலிருந்து 20 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கை நீட்டப்படுகிறது. அது 45 டிகிரி திரும்ப, அதன் நுனி சுமார் 15.3 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதில் பாதி, அதாவது சுமார் 7.7 மில்லிமீட்டர், மோட்டாரின் கிராங்க் நீளம். மோட்டார் அரைச் சுற்று சுற்றினால் தட்டு ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் போய்விடும். இரண்டு நிலைகளிலும் கிராங்க்கும் இணைப்புத் தண்டும் ஒரே கோட்டில் நிற்பதால், தட்டு வாங்கும் அடியால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. அடி தண்டின் வழியே நேராகப் போய் அச்சில் முடிகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. மலிவான மோட்டார் 5 டிகிரி பிசகி நின்றாலும் இணைப்புத் தண்டு நகர்வது ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான். தட்டு தன் இடத்தில் அப்படியே இருக்கும். இடம் சேர்ந்ததும் மின் துடிப்பை நிறுத்திவிடலாம். மோட்டாரின் முனகலும் சூடும் இராது. இரண்டு பேர் ஆடும் பெட்டியானால், இரண்டு தட்டுகளிலும் ஒரே நீளத்தில் கை வைத்து ஒரு கம்பியால் பிணைத்தால் போதும். ஒரே மோட்டார் இரண்டையும் ஒரே கோணத்துக்குத் திருப்பும். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் மின்சாரம் தருவது நல்லது. அது கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் கட்டுப்பாட்டுப் பலகை தடுமாறக்கூடும்.

எப்போது திருப்புவது என்று ஆடுகிறவர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை திசை என்ற குறிப்பு மேம் தரும் விவரப் பட்டியலிலேயே இருக்கிறது. விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு பலகை மூலம் மோட்டாருக்கு ஆணை அனுப்பினால் போதும்.

இவ்வளவு பாடு ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்கலாம். பழைய இயந்திரங்களின் மென்பொருள் எழுத்துக்கு எழுத்து நகலாகிப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் பாதி கையில் இருந்தது. தவறான கைப்பிடியோடு பேக்மேனை முதன்முதலாக ஆடிப் பார்க்கும் இன்றைய சிறுவன், அது மோசமான விளையாட்டு என்று முடிவுகட்டிவிடுவான். சரியான சுவர் சரியான நேரத்தில் வந்து நின்றால், திரும்ப நினைத்த இடத்தில் அது திரும்பும். அதன் பிறகும் பேய் பிடித்தால், பழி ஆடியவர் மேல்தான்.