சலூன் முடி, பழைய சேலை... மானை விரட்ட ‘மனுஷ வாடை’ போதுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளக் காடுகளைத் தாண்டிப் போகும்போது, வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகள் கட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் போட்ட வேலி. சலூனில் தலைமுடியை மூட்டையாக வாங்கி வந்து ஓரத்தில் தூவும் பழக்கமும் தமிழகத்தில் பல ஊர்களில் உண்டு. இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

மூக்குதான் காவல்காரன்

புள்ளிமானுக்கு ஆபத்தை முதலில் சொல்வது பெரும்பாலும் மூக்குதான். நம் வியர்வையைத் தோலில் உள்ள பாக்டீரியாக்கள் சிதைப்பதால் வாடை உருவாகிறது. நாம் நகர்ந்த பிறகும் அது துணியிலும் முடியிலும் தங்கும்.

வட அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதற்குப் பயந்தே வாசனை இல்லாத சோப்பில் குளித்து, காற்றுக்கு எதிர்த் திசையில் நடந்து மானை நெருங்குவார்கள். காற்று திரும்பினால் எல்லாம் போச்சு! நம்ம ஊர் விவசாயி செய்வது இதற்கு நேர் எதிர். அவர்கள் மறைக்கிற வாடையை இவர் காட்டுகிறார்.

அப்போ ஏன் திரும்ப வருது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, காற்று. மேற்கே பச்சைமலை, கிழக்கே உங்கள் காடு என்று வைத்துக்கொள்வோம். தென்மேற்குக் காற்று வீசும்போது வாடை மலைப் பக்கம் போகவே போகாது. ஐப்பசியில் காற்று திரும்பிய பிறகுதான் போகும். அதனால் ஒரு பக்கம் மட்டும் கட்டினால் பலன் குறைவு.

இரண்டாவது, மழை. புரட்டாசியில் விதைத்த பயிர் குருத்து விடும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். வாடை கழுவப்பட்டுவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பழக்கம். வாடை வருது, ஆனால் ஆள் வரவில்லை என்பதை மான் சில நாட்களிலேயே புரிந்துகொள்ளும். அதன்பிறகு சேலை வெறும் சேலைதான்.

என்ன செய்யலாம்?

• ஒரே முறையை சீசன் முழுக்க நம்ப வேண்டாம். முடி, சேலை, அழுகிய முட்டைக் கரைசல் என மாற்றிக்கொண்டே இருக்கலாம். அழுகிய முட்டையின் கந்தக வாடை உலகம் முழுக்க மான் விரட்டியாகப் பயன்படுகிறது.
• மழை விட்டதும் புதுசாக வைக்க வேண்டும்.
• குருத்து விடும் நாட்களில் இரவுக் காவலும் சேர்ந்தால்தான் வாடைக்கு மரியாதை. ஆள் வருவான் என்ற பயம் மானுக்கு இருக்கணும்.
• சேதமானால் உடனே போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலுடன் வனத் துறையிடம் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பொறுமை இழந்து சிலர் வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கிறார்கள்; சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் வைக்கிறார்கள். மானைக் கொல்வது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இருட்டில் அந்தக் கம்பியை மிதிப்பது மானாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரர் மிதிக்கலாம். கட்டியவரே மறந்துபோய் மிதிக்கலாம்.

முடியும் சேலையும் மானைச் சில நாட்கள்தான் தள்ளி வைக்கும். அந்தச் சில நாட்கள் குருத்துப் பருவமாக இருந்தால், பயிரில் பாதி தப்பியது மாதிரிதான்.