உணவுக்குழாய் கிழிந்தால்...

கடுமையாக வாந்தி எடுக்கும்போது உள்ளே அழுத்தம் எகிறி, உணவுக்குழாயின் சுவர் முழு ஆழத்துக்கும் கிழிந்துவிடுவது உண்டு. அரிதான இந்த நோய்க்குப் போர்ஹாவே நோய் என்று பெயர். இரைப்பையோடு சேரும் இடத்துக்கு 2, 3 செ.மீ. மேலே, இடப்பக்கப் பின்சுவரில்தான் பெரும்பாலும் கிழிசல் விழும். உணவும் அமிலமும் கிருமிகளும் நெஞ்சறைக்குள் கொட்ட, சில மணி நேரத்தில் சீழ் பிடித்து ரத்த அழுத்தம் சரியும்.

டச்சுக் கடற்படைத் தலைவர் வாஸனார் இப்படித்தான் 1723-ல் இறந்தார். உடலைத் திறந்தபோது அவர் உண்ட வாத்துக்கறியின் வாசனை நெஞ்சறையிலிருந்து வந்ததாக, லைடன் மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே 1724-ல் எழுதினார். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்தக் கிழிசலைத் தைத்து யாரையும் காப்பாற்ற முடியவில்லை. 1947-ல் லண்டனில் அதைச் சாதித்த நார்மன் பாரெட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1903-ல் பிறந்தவர்.

வாந்தி, உடனே நெஞ்சுவலி, கழுத்துத் தோலுக்கடியில் காற்று சேர்ந்து தொட்டால் நறநறப்பது ஆகிய மூன்றும் முக்கிய அடையாளங்கள். மூன்றும் எல்லோரிடமும் சேர்ந்து தென்படுவதில்லை. மாரடைப்பு என்று தவறாக நினைப்பதும் உண்டு. சி.டி. ஸ்கேன் உண்மையைக் காட்டிவிடும். 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் இந்தக் கிழிசலைத் தைக்கும் அறுவை நிபுணர்கள் சிட்னி, மெல்பர்ன் போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். தொலைதூர ஊர்க்காரரை விமான ஆம்புலன்ஸில் கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்கு முன்பே வாய்வழி எதுவும் கொடுக்காமல் நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்குவார்கள்.

அறுவையில் வழக்கமாக இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சைத் திறந்து, சிந்திய உணவையும் அழுகிய திசுவையும் கழுவி எடுப்பார்கள். தசையில் தெரியும் கிழிசலைவிட உட்படலத்தின் கிழிசல் நீளமானது. எனவே தசையை மேலும் கீழும் சற்று வெட்டி விரித்து, இரு முனைகளையும் கண்ணால் பார்த்த பிறகே தைப்பார்கள். முதலில் உட்படலம், அதன்மேல் தசை என இரண்டு அடுக்காகத் தையல் போடுவார்கள். குடலுக்கு உள்ளது போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லாததால் தையல் எளிதில் பிய்ந்துவிடும். அதனால் விலா இடைத்தசையின் ஒரு பட்டையைத் திருப்பி, தையல்மேல் போர்த்துவதும் உண்டு. நெஞ்சில் வடிகுழாய்கள் வைத்து, சிறுகுடலில் செருகிய குழாய்வழி உணவு செலுத்துவார்கள்.

தாமதமாக வந்தவர்களுக்குத் திசு நைந்து தையல் நிற்காமல் போகலாம். அப்போது கிழிசலுக்குள் ‘டி’ வடிவக் குழாயைப் பொருத்திக் கசிவை வெளியே வழிய விடுவார்கள். உணவுக்குழாய் முற்றிலும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியையே அகற்ற நேரும். கசிவு சிறிதாக இருந்து நோயாளியும் திடமாக இருந்தால், எண்டோஸ்கோப் வழியே ஸ்டென்ட் வைப்பதோ உறிஞ்சு பஞ்சு வைப்பதோ போதுமானதாக இருக்கலாம்.

தைத்துச் சில நாள் கழித்து, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை விழுங்கச் செய்து கசிவு இல்லை என்று உறுதி செய்வார்கள். அதன்பின் முதலில் நீராகாரம், பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாகத் தொடங்குவார்கள்.