வாசிக்கத் தடுமாறும் சிறார்: பரிசோதனையும் பயிற்சியும்

கிராமப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இத்தகைய சிறுவன் ஒருவனை நம்மில் பலர் கண்டிருப்போம். வீட்டில் ஆடுகள் எத்தனை, பால் சங்கத்திற்கு இவ்வாரம் ஊற்றிய பால் எவ்வளவு, அதற்கு வரவேண்டிய தொகை யாது என்பனவற்றையெல்லாம் தாளும் எழுதுகோலுமின்றிச் சொல்லிவிடுவான். ஆனால் பாடப் புத்தகத்தை விரித்து ஒரு வரி வாசிக்கச் சொன்னால் அவனுக்கு முகம் வியர்த்துவிடும். சோம்பேறி என்று பள்ளியிலும், படிப்பு ஏறாத மண்டை என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுகின்றனர். சில ஆண்டுகளில் புத்தகம் இருந்த கையில் ஆட்டுக்கோல் வந்துவிடுகிறது.

இம்முடிவு பல சமயங்களில் பிழையான முடிவாகும். இங்கிலாந்தில் சீஃபோர்டு என்னும் கடற்கரை ஊரில் மருத்துவராயிருந்த பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-ம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் தன் பெயரை எழுதும்போதே எழுத்துக்களை இடம் மாற்றி எழுதினான். பிழையைச் சுட்டிக் காட்டியும் அவனுக்கு எளிதில் புலப்படவில்லை. கணக்கிலோ அவனுக்குத் தடையே இல்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இக்குறைக்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்ற பெயரை 1887-ல் வழங்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். ஆனால் இது கண்ணின் கோளாறு அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செவியில் விழும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு இணைக்கும் வேலை மூளையில் தாமதமாகவும் தடுமாற்றத்தோடும் நடைபெறுவதே இதற்குக் காரணம். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருகிறது. இதனைப் போக்க மருந்து கிடையாது. ஏற்ற பயிற்சி உண்டு.

தமிழ் படிக்கும் குழந்தையிடம் இக்குறை எவ்வாறு தோன்றும்? ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவை ஓயாமல் இடம் மாறும். மெய்யெழுத்தின் புள்ளி விடுபடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மயங்கும். நம் எழுத்து முறையிலேயே ஒரு சிக்கல் உண்டு. ‘கெ’ என எழுதுகையில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியிலோ அது பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. மற்றக் குழந்தைகள் எளிதில் தாண்டிவிடும் இவ்வாய்க்காலில் இக்குழந்தை விழுந்துவிடுகிறது. வேறொரு குழந்தை பிழையின்றியே வாசிக்கும். ஆனால் எழுத்தெழுத்தாக ஊர்ந்து செல்வதால் வரி முடியுமுன் பொருள் மறந்துபோகும். பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர் கண்ணுக்கு இக்குழந்தை தப்பிவிடக் கூடும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முதலிரு வகுப்புகளில் இப்பிழைகளை எல்லாக் குழந்தைகளும் செய்வர். வட்டார வழக்கில் வாழையை ‘வாளை’ என்று சொல்வதும் குறையன்று. நல்ல முறையில் கற்பித்தும், உடன் படிப்போர் தாண்டிச் சென்ற பின்னும், ஒரு குழந்தை அதே இடத்தில் நின்றால்தான் ஐயம் கொள்ள வேண்டும்.

மண்ணைப் பரிசோதிக்காமல் உரமிடுவதில் பயனில்லை என்பதை உழவர் அறிவர். இங்கும் அப்படியே. முதலில் கண்ணையும் காதையும் சோதித்தல் வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தையை மந்தமென்று ஒதுக்கிய கதைகள் ஏராளம். அடுத்து, நீண்ட நாள் பள்ளிக்கு வாராமை, நோய், வீட்டுத் துன்பம் ஆகியவை காரணமா எனப் பார்க்க வேண்டும். பின்னரே உளவியல் வல்லுநர் குழந்தையின் அறிவுத் திறனைத் தனியாகவும், வாசிப்பு, எழுத்து, ஒலி பிரித்தறிதல், வேகம் ஆகியவற்றைத் தனியாகவும் அளந்து பார்ப்பார். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தையாயின் அதனை முன்னரே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் மொழிப் பழக்கமின்மையே குறையாகக் கணக்கிடப்பட்டுவிடும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்டுள்ள 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. அதனை இளமையிலேயே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளைக் கையாள்வது கல்வி நிலையங்களின் கடமை என அச்சட்டம் கூறுகிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், 8 வயதில் சான்றிதழ் வழங்கி, 14, 18 ஆகிய வயதுகளில் மறுபடியும் பரிசோதிக்குமாறு வகுத்தன. சான்றிதழ் பெற்றோர்க்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி போன்ற சலுகைகள் உண்டு. ஆயினும் சான்றிதழ் எவருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. ஐயம் தோன்றிய அன்றே பயிற்சியைத் தொடங்கலாம். அதனால் எக்குழந்தைக்கும் தீங்கில்லை.

பயிற்சி என்பது அதே பாடத்தை நூறு முறை எழுத வைப்பதன்று. எழுத்தைக் காட்டுமுன் ஒலியைப் பழக்க வேண்டும். ‘மரம்’ என்று சொல்லிக் கைதட்டிப் பிரித்தல், முதல் ஒலியை நீக்கினால் எஞ்சுவது யாதெனக் கேட்டல் போன்றவை விளையாட்டாகவே நடைபெறலாம். பிறகு நாலைந்து எழுத்துக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலியை வாயால் சொல்லியவாறே விரலால் எழுதச் செய்ய வேண்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒருங்கே வேலை செய்யும் இம்முறையை அமெரிக்காவில் மருத்துவர் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிய பாட்டனார்க்கு இதனைக் கேட்டால் வியப்பு இராது! ல, ள போன்ற ஒத்த ஒலிகளை ஒரே நாளில் கற்பித்தல் கூடாது. ஒன்று உறுதிப்பட்ட பின்னரே மற்றொன்று. கொம்பு, கால் முதலியவற்றைத் தனி வண்ணத்தில் எழுதிக் காட்டலாம். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஆனால் இடைவிடாமை வேண்டும். இதற்கிடையில் அறிவியலையும் வரலாற்றையும் வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாகவே விடை பெறுதல் நன்று. அவற்றில் அக்குழந்தை பின்தங்குவதற்குக் காரணமில்லை.

ஊராட்சி உறுப்பினர்க்கு இதில் என்ன வேலை? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. கட்டிடத்தையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசி முடித்த பின், மூன்றாம் வகுப்பில் இன்னும் வாசிக்க இயலாதோர் எத்தனை பேர், அவர்களுள் கண் பரிசோதனை செய்யப்பட்டோர் எத்தனை பேர், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் கடைசியாக வந்தது எந்நாள் என்ற கேள்விகளையும் அவர் கேட்கலாம். பரிசோதனைக்குச் செல்லும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவும் ஆகும். பலர் செல்லாமல் நின்றுவிடுவது அறியாமையால் அன்று, இதனால்தான். நாலைந்து குழந்தைகளை ஒரே நாளில் ஒரு வண்டியில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வது ஓர் ஊருக்குப் பெரிய காரியம் ஆகாது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பின் சான்றிதழுக்கு அலைவதைக் காட்டிலும் இது எளிது.

கிராம சபையில் இப்பொருள் வருமாயின் எண்ணிக்கையை மட்டும் சொல்லுதல் வேண்டும். குழந்தைகளின் பெயர்களை அங்கே படித்தல் கூடாது.