வீட்டுக் கணிப்பொறியின் இயக்க முறையைப் புதுப்பித்தல்

அருவங்காட்டைச் சுற்றியுள்ள நம் அங்கத்தினர் இல்லங்களில் கணிப்பொறி இன்று புதுமைப் பொருளன்று. பச்சைத் தேயிலை போட்ட கணக்கு, உரம் வாங்கிய ரசீது, பிள்ளைகளின் பாடம், வங்கி வரவு செலவு ஆகிய பலவும் அதனுள் அடங்கியிருக்கின்றன. விண்டோஸ் 10 உள்ள பொறிகளின் திரையில், அதற்குரிய ஆதரவு முடிந்துவிட்டது என்னும் அறிவிப்பைப் பலர் கண்டிருப்பர். அதனைக் கண்டு, பொறியே பழுதாயிற்று என எண்ணிப் புதியது வாங்க முனைவோர் உண்டு. ஒன்றும் நேராது என்று வாளா இருப்போரும் உண்டு. முன்னது கைப்பொருளுக்கு நஷ்டம். பின்னது சேர்த்து வைத்த கணக்குகளுக்கே ஆபத்து. செய்யத்தக்கது யாது என்பதை இங்கு முறையாக விளக்குவோம்.

முதற்கண், இயக்க முறை என்பது யாதென அறிதல் வேண்டும். ஒரு சங்கத்தில் காரியதரிசி எவ்வாறோ, கணிப்பொறியில் இயக்க முறை அவ்வாறு. கடிதம் எழுதும் செயலி, கணக்குப் போடும் செயலி ஆகிய யாவும் தத்தம் தேவையை அதனிடமே கேட்கும். நினைவகத்தில் இடம் அளிப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், அயலார் உள்ளே நுழையாமல் காப்பதும் அதன் பணி. விண்டோஸ், லினக்ஸ் என்பன இவ்வகையினவே.

விண்டோஸ் 10, 2015 ஜூலை 29 ஆம் நாள் வெளிவந்தது. அதற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆதரவு முடிந்தது என்பதனால் பொறி நின்றுவிடாது; முன்போலவே ஓடும். ஆனால் அதில் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வாரா. இதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டுள்ளது. 2017 மே 12 ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் பரவி, பல நாடுகளில் கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலையும் தடைப்பட்டது. அந்த ஓட்டைக்குரிய திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதனை இட்டுக்கொண்ட பொறிகள் தப்பின, இடாதவை சிக்கின.

இனி, தம் பொறியில் உள்ளதை அறியும் வழி: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் பல்சக்கரம் போன்ற ஒரு படம் தெரியும். அதுவே 'செட்டிங்ஸ்' என்னும் அமைப்புகளின் வாயில். அதனுள் 'சிஸ்டம்' என்பதில் 'அபவுட்' என்னும் பகுதியைத் திறந்தால், எந்த விண்டோஸ், எந்தச் செயலகச் சில்லு, எவ்வளவு நினைவகம் என்பவை தெரியும். அதே 'சிஸ்டம்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' என்பது காலியிடத்தைக் காட்டும். விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்பதனுள் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தைத் திறந்தால், பொறி விண்டோஸ் 11க்குத் தகுதியுடையதா என்பது அங்கேயே தெரிவிக்கப்படும்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். செயலகச் சில்லும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருத்தல் அவசியம். இண்டெல் சில்லுகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவையே அப்பட்டியலில் உள்ளன. டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் பொறிகள் உண்டு. ஆகவே, தகுதியில்லை என்ற சொல்லைக் கண்டவுடன் மனந்தளராமல், விஷயம் அறிந்த ஒருவரிடம் காட்டுவது நலம். தகுதியுள்ள பொறிக்கு இம்மாற்றம் இலவசம்.

தகுதி இருப்பினும் உடனே பொத்தானை அழுத்திவிடலாகாது. கோப்புகளுக்கு மறுபடி எடுப்பதே முதல் வேலை. கணக்கு, சான்றிதழ், புகைப்படம் யாவற்றையும் வெளித்தட்டு ஒன்றில் பதிந்து, வேறொரு பொறியில் அவை திறக்கின்றனவா எனப் பார்த்து, பிறகு தட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். யூனிகோடு வருமுன் வழங்கிய பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய மனுக்களும் தீர்மானங்களும் பலரிடம் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆதலின் எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் உடன் எடுத்துக்கொள்க.

இரண்டாவது, மின்சாரம். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் மரம் சாய்ந்து கம்பி அறுவது நம் மலைக்குப் புதிதன்று. புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் இயக்க முறை பழுதுபடக்கூடும். மடிக்கணினியாயின் மின்கலத்தை நிரப்பி, மின் இணைப்பிலேயே வைத்துச் செய்க. மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். இன்றித் தொடங்க வேண்டாம். மூன்றாவது, இணையம். இறங்கும் கோப்பு பல ஜிகாபைட் அளவுடையது. கைப்பேசி இணைப்பில் ஒரு நாளைய அளவு அதிலேயே தீர்ந்துவிடும். கம்பி வழி இணைப்பு உள்ள இடத்தில் செய்வதே சிக்கனம்.

பணி முடிந்ததும் அச்சுப்பொறி, தமிழ் விசைப்பலகை, கணக்குச் செயலி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். ஒத்துவராவிடின், பத்து நாட்களுக்குள் 'சிஸ்டம்' பகுதியில் 'ரிகவரி' என்பதன் வழியே பழைய நிலைக்குத் திரும்பலாம். அத்தவணை கடந்தபின் அவ்வழி அடைபடும்.

தகுதியற்ற பொறியை என் செய்வது? மைக்ரோசாஃப்ட் நிறுவனம், வீட்டுப் பொறிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் அளிப்பதாக அறிவித்தது. அது தற்காலிக ஏற்பாடே. நிலையான வழி லினக்ஸ். விலையின்றிக் கிடைக்கும் இதனை நம் பிள்ளைகள் அறியாதவரல்லர். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலப் பொறிகளில், விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. லினக்ஸ் வகைகள் பலவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்தட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். ஆனால் டாலி போன்ற விண்டோஸ் செயலிகள் அதில் நேராக ஓடா. நிறுவும்பொழுது தட்டை அழிக்கும்படி தேர்ந்தால் உள்ளவை யாவும் போய்விடும். இவ்விரண்டையும் மனத்திற் கொள்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் விண்டோஸ் காலாவதியாயிற்று, நாங்கள் சரிசெய்து தருகிறோம்" என்று தாமாகத் தொலைபேசியில் அழைப்போரை நம்பற்க. எந்நிறுவனமும் அங்ஙனம் அழைப்பதில்லை. கடவுச்சொல்லையோ, வங்கியின் ஒருமுறை எண்ணையோ எவருக்கும் கூறலாகாது.

நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்வதால் தேயிலைச் செடி அழிவதில்லை. புதுத் தளிர் விடுகிறது. ஆனால் கவாத்துக்கும் பருவமும் பழகிய கையும் வேண்டுமன்றோ? கணிப்பொறிக்கும் அவ்வாறே. மின்சாரமும் இணைப்பும் ஒழுங்காக உள்ள ஓரிடத்தில் அண்டை வீட்டார் நால்வர் ஒருநாள் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கைகொடுத்துச் செய்தால், வேண்டாத செலவும் தவிரும், கணக்கும் காக்கப்படும். ஒருவருக்கொருவர் துணை நிற்பதே நம் சங்கம் கண்ட வழி. இக்காரியத்திலும் அதுவே தக்கது.