தடைபட்ட பயணியும் ஊர் எல்லையும்

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பொழிந்த மழை, அங்கு 1949இல் பதிவுகள் தொடங்கிய காலந்தொட்டுக் காணப்படாத ஒன்று. அல்ஐன் வட்டாரத்தின் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அண்டை ஓமானில் பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். துபை விமான நிலையத்தில் இரண்டே நாட்களில் 1,244 விமானங்கள் ரத்தாயின.

2022 மே முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் இந்திய ஆடைகளுக்கு அமீரகத்தில் சுங்கவரி நீங்கியது. அதன்பின் திருப்பூர்ப் பின்னலாடை வணிகர்களுக்குத் துபை மேலும் நெருங்கிய சந்தையாயிற்று. வெள்ளத்தில் சிக்கித் திரும்பியோர் சிலர் நம்மிடம் கேட்ட ஐயம் ஒன்றுதான்: அந்நாட்களில் நாம் முஸாஃபிரா, முகீமா?

இக்கேள்வி புதிதன்று. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் தங்க நேர்ந்தபோது கஸ்ராகவே தொழுதுவந்தார்கள் என்பது அறிவிப்பு. ஹனஃபி மத்ஹபில், பதினைந்து நாள் தங்கும் நிய்யத் இல்லாதவர், இன்றோ நாளையோ புறப்படுவோம் என்ற நிலையில் மாதங்கள் கழிந்தாலும் முஸாஃபிரே. ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வாறு காத்திருப்பவருக்குப் பதினெட்டு நாட்கள் வரை சலுகை உண்டு. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் அங்குத் தங்கியமை அதற்குச் சான்றாகும். கொங்கு நாட்டில் ஹனஃபிகளே மிகுதி என்பதால், வரிசையில் நின்றபடியே லுஹரையும் அஸரையும் இணைத்துத் தொழும் வசதி அவர்களுக்கு இல்லை, ஷாஃபிஈகளுக்கு உண்டு.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. துபை விமான நிலையம் நகரின் நடுவில் அமைந்தது. பதினைந்து நாள் நிய்யத்துடன் துபையில் தங்கியிருந்த ஹனஃபி, பெட்டியுடன் அந்நிலையத்தில் இரண்டு இரவு கிடந்தாலும் முகீமே. நான்கு ரக்அத்தையும் நிறைவேற்றவேண்டும். திரும்பும்போது நிலை நேர்மாறாகிறது. கோவையில் இறங்கியவுடன் வீடு சேர்ந்துவிட்டோம் என்று மனம் எண்ணுகிறது. ஆயினும் திருப்பூர்வாசிக்குக் கோவை அயலூரே. அவிநாசிச் சாலையில் வந்து, தம் ஊரின் குடியிருப்புக்குள் நுழையும்வரை அவர் பயணியே. பயணத்தில் தவறிய நாலு ரக்அத் தொழுகையை வீட்டில் களாச் செய்பவர், ஹனஃபியாயின் இரண்டாகவும், ஷாஃபிஈயாயின் நான்காகவும் தொழுவார்.

இன்னொன்று, சற்றுக் கூச்சத்துடன் கேட்கப்பட்டது. ஊரில் தையல் இயந்திரங்கள் நூறு ஓட, அங்கே கைப்பணம் தீர்ந்து, கடன் அட்டையும் பயன்படாமல் நின்றவர் பிறர் தரும் உதவியைப் பெறலாமா? திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் ஸகாத்துக்கு உரியோர் எண்மரை எண்ணுகையில் வழிப்போக்கரையும் அவர்களுள் ஒருவராக வைக்கிறது. இப்னுஸ் ஸபீல் என்பவர் ஊரில் செல்வராயிருக்கலாம். வழியில் கையில் இல்லை என்பதே அளவுகோல். கடன் கிடைக்குமாயின் அதுவே மேல் என்பர் ஹனஃபி அறிஞர். விமான நிறுவனம் வழங்கிய உணவுச் சீட்டு ஸகாத் அன்று. அதில் ஐயத்துக்கே இடமில்லை. ஸகாத்தாகப் பெற்றதில் வீடு சேர்ந்தபின் எஞ்சியதைத் தருமம் செய்துவிட வேண்டுமென்ற கட்டாயம் ஹனஃபி மத்ஹபில் இல்லை. ஷாஃபிஈகள் திருப்பித் தரவேண்டும் என்கின்றனர்.

ஊர் திரும்பியவர் வீட்டுக்குச் செல்லுமுன் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவது நபிவழி. களைத்து வந்தோர் பலர் இதை மறுநாளுக்கு ஒத்திவைக்கின்றனர். தெருமுனைப் பள்ளிவாசலில் ஐந்து நிமிடம் போதும்.