குவாம் தீவின் பறவைகளை அழித்தது எது?

உலகில் இதுவரை அற்றுப்போனதாகப் பதிவாகியிருக்கும் தாவரங்களிலும் விலங்குகளிலும் 60 விழுக்காட்டின் அழிவில் அயல் ஊடுருவல் இனங்களுக்குப் பங்கு உண்டு. 16 விழுக்காடு அவற்றால் மட்டுமே அழிந்தவை. ஐ.பி.பி.இ.எஸ். என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்கு இது. படித்ததும் ஒரு கேள்வி எழவேண்டும். ஒரு பறவை இனம் காணாமல் போனால், அது காடு அழிந்ததால் போனதா, பூச்சிமருந்தால் போனதா, நோயால் போனதா, வெளியிலிருந்து வந்து சேர்ந்த இன்னோர் உயிரால் போனதா என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள குவாமைவிடத் தெளிவான இடம் இல்லை.

மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சியின் கீழ் உள்ள தீவு குவாம். பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் காடுகளின் பூர்வீகப் பறவைகள் 12 வகை. 1960களில் தீவின் தெற்கே அவை குறையத் தொடங்கின. குறைவு மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது. 1980களின் தொடக்கத்தில், வடகோடியில் ஒரு சிறு காட்டுத்துண்டில் மட்டுமே அவற்றில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கும் இல்லை. 12இல் 10 வகைகள் தீவின் காடுகளைவிட்டே போய்விட்டன.

முதலில் பழி பூச்சிமருந்துமேல் விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே டி.டி.டி. தாராளமாகத் தெளிக்கப்பட்டிருந்தது. சோதித்தபோது அந்த அழிவை விளக்கும் அளவுக்கு எச்சம் கிடைக்கவில்லை. பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கொள்ளைநோய்க்கான சான்றும் இல்லை. காடு நன்றாக இருந்த இடங்களிலும் பறவைகள் மறைந்தன என்பதால் காடழிப்பை மட்டும் சொல்லவும் வழியில்லை.

ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் வேறொரு பக்கம் பார்த்தார். அவருடைய சந்தேகம் பழுப்பு மரப்பாம்புமேல் விழுந்தது; அது குவாமுக்குச் சொந்தமானதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ராணுவச் சரக்கோடு சரக்காக நியூகினிப் பக்கத்துத் தீவுகளிலிருந்து வந்திருக்கவேண்டும். பாம்பை முதன்முதலில் எப்போது, எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று தீவு மக்களிடமே கேட்டுத் தொகுத்தார். துறைமுகத்தை ஒட்டிய ஊர்களில் 1950களிலேயே பார்த்திருக்கிறார்கள். வடக்கே அது போய்ச் சேர 1960களின் பிற்பகுதி ஆகியிருக்கிறது. பாம்பு பரவிய பாதையும் பறவைகள் பின்வாங்கிய பாதையும் பொருந்தின.

பொருத்தம் மட்டும் சான்றாகிவிடாது. இரண்டு காரியங்கள் ஒரே காலத்தில் தற்செயலாகவும் நடக்கலாம். அதனால் கூண்டில் உயிருள்ள காடையை வைத்துக் காட்டில் விட்டார். பறவைகள் அற்றுப்போன இடங்களில் வைத்த காடைகளைப் பாம்புகள் சில இரவுகளுக்குள் தேடிவந்து விழுங்கின. பாம்பில்லாத இடங்களில் காடைகள் பிழைத்தன. இன்னொரு தடயமும் கிடைத்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: பாம்பு பெருகிய இடங்களில் எலியும் மூஞ்சுறுவும்கூடக் குறைந்திருந்தன. பறவைக்கு வரும் நோய் பொதுவாக மூஞ்சுறுவைக் கொல்லாது. பறவை, எலி, மூஞ்சுறு மூன்றையும் தின்னக்கூடிய ஒன்றுதான் கொல்லும். 1987இல் அவர் ஆய்வை வெளியிட்டபோது, ஒரு பாம்பால் இவ்வளவு முடியுமா என்ற சந்தேகத்துக்கு இடம் குறைந்துவிட்டது.

சாதாரணமாக இரை தீர்ந்தால் வேட்டையாடியும் பட்டினியில் குறையவேண்டும். இங்கே அது நடக்கவில்லை, ஏனென்றால் பல்லியும் அரணையும் ஏராளம். குட்டிப் பாம்புகள் அவற்றைத் தின்றே வளர்ந்தன. வளர்ந்தவை கடைசிப் பறவைவரை தேடிப் பிடித்தன. ஒரு ஹெக்டேரில் 50 முதல் 100 பாம்புகள் என்ற கணக்கெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. இதன் உறவுக்காரப் பாம்பு தமிழ்நாட்டிலும் உண்டு, பூனைப்பாம்பு என்போம். நம் பறவைகள் மரமேறும் பாம்புகளோடு காலங்காலமாக வாழ்ந்தவை. குவாமில் அதற்குமுன் இருந்த ஒரே பாம்பு மண்புழுவைப் போன்ற சிறு குருட்டுப்பாம்பு. இரவில் கூட்டுக்கே வரும் எதிரியை அந்தப் பறவைகள் அறிந்ததே இல்லை.

பறவைகள் போனதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு தீவின் துயரம் மட்டுமே. ஆனால் முடியவில்லை; காடும் மாறியது. சைபான், டினியான், ரோட்டா என்ற அண்டைத் தீவுகளில் பறவைகள் இன்னும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஹால்ட்ரே ராஜர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தக் காடுகளுக்குள் ஒரே நேர்கோட்டில் நடந்து சிலந்திவலைகளை எண்ணினார்கள். மழைக்காலத்தில் குவாமில் வலைகள் 40 மடங்கு அதிகம். 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 2017இல் அவர்கள் மரங்களைப் பற்றிச் சொன்னது இன்னும் கவலை தருவது. பழந்தின்னிப் பறவைகள் இல்லாததால் விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடக்கின்றன. இரண்டு மர வகைகளில் புதுக் கன்றுகள் 61 முதல் 92 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று கணித்தார்கள். அவற்றில் ஒன்று நம் சித்த மருத்துவம் அறிந்த முன்னை. பாம்பு இலையைக்கூடத் தொடுவதில்லை, ஆனாலும் காட்டின் முகம் மாறுகிறது. இந்த விளைவை அளக்க அண்டைத் தீவுகள் இல்லாவிட்டால், காடு எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று அடுத்த தலைமுறை நம்பிவிட்டிருக்கும்.

பாம்பை ஒழிக்க இன்றுவரை முடியவில்லை. 80 மில்லிகிராம் பாராசிட்டமால் அதைக் கொன்றுவிடும். நாம் காய்ச்சலுக்குப் போடும் அதே மாத்திரை. இறந்த சுண்டெலிக்குள் மருந்தை வைத்து, மரக்கிளையில் சிக்கிக்கொள்ளும்படி காகித நாடா கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் சரக்குகளை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன. அண்டைத் தீவுகளைக் காப்பாற்றுவது இந்தச் சோதனைதான் என்பதால், சுண்டெலிக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பதே மேல் என்பேன்.

கூண்டில் வளர்த்துக் காப்பாற்றிய பறவைகளில் பறக்க இயலாத குவாம் கானாங்கோழி ரோட்டாவிலும், குவாமின் தென்கரைக்கு எதிரே உள்ள கோகோஸ் என்ற குட்டித் தீவிலும் விடப்பட்டது. காட்டில் அற்றுப்போனது என்ற பட்டியலிலிருந்து 2019இல் அதன் பெயர் நீங்கியது. சிஹெக் என்ற குவாம் மீன்கொத்தியை 2024இல் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பால்மைரா பவளத்தீவில் விட்டார்கள், சொந்த மண் இன்னும் பாதுகாப்பானதாக இல்லாததால். சாவிட்ஜ் காலத்தில் பாம்பே இல்லாதிருந்த கோகோஸ் தீவில் 2020இல் பழுப்பு மரப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது.