உங்களுக்குத் தெரியுமா? யார்டை ஆண்ட குட்டி என்ஜின்

பிரிட்டனில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட ரயில் என்ஜின் வகை, பயணிகள் ரயிலை இழுக்கும் எக்ஸ்பிரஸ் என்ஜின் அல்ல. யார்டில் பெட்டிகளைக் கோக்கவும் பிரிக்கவும் உதவும் 'கிளாஸ் 08' என்ற ஷன்டிங் என்ஜின்தான் அது!

● 1952 முதல் 1962 வரை பிரிட்டிஷ் ரயில்வேக்காகத் தயாரானவை மொத்தம் 996.

● 350 குதிரைசக்தி டீசல் என்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றாது, ஜெனரேட்டரை ஓட்டும். அந்த மின்சாரத்தில் இயங்கும் இரண்டு மோட்டார்கள் ஆறு சக்கரங்களையும் சுழற்றும்.

● பெரும்பாலானவற்றின் உச்ச வேகம் மணிக்கு 24 கி.மீ.தான். ஆனால், நின்ற இடத்திலிருந்து பாரத்தை நகர்த்துவதில் கில்லாடி.

● நீராவி என்ஜினுக்கு, வேலை இல்லாதபோதும் நெருப்பை அணையாமல் காக்க வேண்டும். டீசலை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் கிளப்பலாம்.

● ஷெஃபீல்டு அருகே டின்ஸ்லி யார்டில் பெட்டிகளை மேட்டின் மேல் தள்ள ஒற்றை என்ஜினின் பலம் போதவில்லை. 1965-ல் இரண்டிரண்டாக இணைத்து மூன்று ஜோடிகளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் என்ஜினுக்கு ஓட்டுநர் அறையே இருக்கவில்லை!

● 'தாமஸ்' என்ற ரயில் என்ஜினைப் பற்றிய சிறுவர் கதைகளில் வரும் வில்லன் 'டீசல்' இந்த வகைதான்.

அறுபது ஆண்டுகள் கடந்தும் இவற்றில் சில இன்றும் பணியில் இருக்கின்றன.